டியூபுக்குப் பக்கத்தில் ஒரு கைலி

கூட்டத்துக்குப் பின்னால், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு கடைசி வண்டி ஓட்டச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் பையைத் திறந்து காட்டுங்கள். சரி. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு, பம்ப், டயர் நெம்புகிற லிவர், அல்லன் கீ, பிளாஸ்திரி, உப்பில் ஊறிக் காய்ந்த பிளம்ஸ் பொட்டலம். எல்லாம் அழகாக அடுக்கியிருக்கிறீர்கள். கைலி எங்கே?

சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதற்குமேல் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்தது, டிஸ்ட்ரிக்ட் ஒன்றில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் என் வீட்டுக்காரருக்கு அடுப்படி வேலை கிடைத்ததால். ஆட்களைச் சைக்கிளில் ஊர்சுற்றக் கூட்டிப்போகும் இந்தக் கம்பெனிக்கு நான் வந்ததும் சோற்றுப் பொட்டலம் கட்டத்தான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தாவோ தியென் பேட்டையிலிருந்து கிளம்பும் கூட்டத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தவளை, ஒருநாள் ஆள் இல்லையென்று கடைசி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு இறக்க மறந்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் கடைசி வண்டி ஓட்டியவர் ஒரு வியட்நாம் கிழவர். பேர் வேண்டாம்; சொன்னால் வெட்கப்படுவார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "பேசாதே. அவங்க பின்பக்கத்தைப் பார்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயதில் கிழவனுக்கு என்ன புத்தி என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் புரிந்தது. வாய் "நல்லா இருக்கேன்" என்று சொல்லும். சீட்டில் உட்கார்ந்திருக்கிற பாகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

டியூப் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். டியூபை வாங்குவதற்கு முன்னால் ரிம்மில் இருக்கிற ஓட்டையைப் பாருங்கள். ஒரு பெரியவர் நாலு டியூப் கொண்டுவந்தார், நாலிலும் காற்றடிக்கிற வாய் தடித்தது. அவர் ரிம்மில் ஊசி வாய் மட்டும்தான் நுழையும். அவ்வளவு தூரம் அடுத்தவன் வண்டிக்கு உதிரி சுமந்துவந்த தர்மவான். டயர் வெடித்தால் ரோட்டோரத்தில் ஒட்டுப்போடுகிறவர் எப்படியும் கிடைப்பார், இந்த ஊரில் கொசுவுக்கு அடுத்து அவர்கள்தான் அதிகம். ஆனால் நான் சொல்லவந்த வலிக்கு எந்த ஒட்டுக்கடையிலும் மருந்து கிடையாது.

மெட்ரோவுக்குத் தூண் மட்டும் நின்றுகொண்டு, ரயில் வராமல் இருந்த காலம். ஒரு ஞாயிறு சொக்கலிங்கம் அண்ணன் வந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். மகன் கதிரேசனுக்கு இங்கே ஆபீஸ் வேலை, தாவோ தியெனில் பதினெட்டாவது மாடியில் வீடு. அப்பா ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருந்தார். அம்மா ஊரிலேயே இருந்தார். அவருடைய கட்டளைகள் மட்டும் தினமும் போனில் வரும்.

காட் லாய் துறையில் ஃபெர்ரிக்காக நின்றோம். கண்டெய்னர் லாரிக்கும் மோட்டார் பைக் மந்தைக்கும் நடுவில் கதிரேசன் என்னிடம் நெருங்கிவந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள்தான் பார்க்கப்போறேன். அப்பச்சி ஒண்ணும் ஆகாம திரும்பிட்டா வாராவாரம் வரட்டும். முட்டி வலி, மூச்சு வாங்குதுன்னு எதாவது வந்துச்சு, சைக்கிளை அன்னிக்கே வித்துருவேன். ஆத்தாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

செட்டிநாட்டுப் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வார்கள். தலையாட்டினேன். அவன் முன்னால் போகும் வேகக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான்.

ஃபெர்ரியில் அண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீங்க எத்தனையாவது மாடி?" என்று கேட்டார். பேரன் எடுத்தவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர், மவராசனாக இருக்கட்டும்.

"தரைதான் அண்ணே. மழை பெஞ்சா தரைக்குக் கீழ."

"குடுத்து வச்சவுக. பதினெட்டாம் மாடிக்குக் காக்கா கூட வரமாட்டேங்குது. காலையில அவன் ஆபீசுக்குப் போனா, சாயந்திரம் வர்றவரைக்கும் எனக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான் பேச்சு. இந்தச் சைக்கிள் வந்தப்புறம்தான் இந்த ஊருக்குத் தரை இருக்குன்னே தெரிஞ்சுது. இதையும் புடுங்கிட்டான்னா நான் ஊருக்கே போயிருவேன். அங்க போனா மகனைப் பார்க்க முடியாது. என்ன செய்யச் சொல்றீக?"

"மிதிங்க அண்ணே. அதுதான் செய்யணும்" என்றேன்.

அக்கரையில் நல்ல ரோடு. இரண்டு பக்கமும் வாய்க்கால், வாய்க்காலை அடைத்துக்கொண்டு தண்ணீர்த்தென்னை. தண்டே இல்லாமல் ஓலை மட்டும் நேராக மேலே கிளம்புமே, அதுதான். நான் என் வேலையைத் தொடங்கினேன். அதாவது, அண்ணனுடைய பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு வலது. பிறகு சீட்டின் நுனிக்கு வந்தார், பின்னால் போனார். பெண் பார்க்க வந்த வீட்டில் உடைந்த நாற்காலி கொடுத்தால் மாப்பிள்ளை உட்காருவானே, அப்படி. கடைசியில் மேடு பள்ளம் எதுவும் இல்லாத ரோட்டில் எழுந்து நின்றே மிதித்தார். ஒரு சின்னப் பாலத்துப் பக்கம் இறங்கியேவிட்டார். இறங்கி நாலு எட்டு நடந்தார். வாத்து அதைவிட அழகாக நடக்கும்.

"என்ன அண்ணே?"

"முட்டி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கதிரேசன்தான், கூட்டம் அடுத்த காப்பிக்கடையில் நின்றுவிட்டது, அப்பாவைக் காணோமே என்று கேட்கிறான். அண்ணன் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், போனில் சொன்னார்: "ஒண்ணுமில்லப்பா. முட்டி லேசாப் புடிக்குது."

அந்தப் பக்கம் அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல? அங்கேயே நில்லுங்க. கார் புக் பண்றேன். சைக்கிளைத் தூக்கி டிக்கியில போட்டுட்டு வீட்டுக்குப் போறோம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

போன் அணைந்தது. அண்ணன் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டு நின்றார், சந்தையில் விற்றுவிட்ட மாட்டைத் தடவுகிற மாதிரி.

பிள்ளைகளே, இந்த இடத்தில் எல்லோரும் அவசரப்படுவார்கள். எனக்கும் ஒரு நொடியில் மனசு ஒரு முடிவுக்குப் போய்விட்டது: முட்டி இல்லை, சீட்டு. ஆனால் எனக்குத் தோன்றியது தப்பாக இருந்து, நான் அவரை மறுபடி மிதிக்க வைத்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வயசானவர் விஷயத்தில் சிரிப்பு கடைசியில்தான் வரவேண்டும். முதலில் நெஞ்சைக் கேட்டேன். அடைக்கிறதா, கனக்கிறதா, இடது கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மூச்சு நன்றாக இருந்தது, வேர்வை மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான். தண்ணீர் கொடுத்துவிட்டு முட்டிக்கு வந்தேன்.

"எந்த முட்டி அண்ணே?"

"வலது."

அவரைப் பாலத்துக் கட்டையில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். சாய்ந்தார், உட்காரவில்லை. ஒரு பிளம்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாயில் போட்டதும் கேட்டேன், "இப்ப எப்படி இருக்கு?"

இடது முட்டியைத் தடவினார். "தேவலை."

"அண்ணே, குந்துங்க பார்ப்போம்."

"என்னது?"

"நம்ம ஊர்ல வாய்க்கா ஓரத்துல குந்துவோமே, அப்படி. குந்தி எந்திரிங்க."

குந்தினார். எழுந்தார். மறுபடியும் குந்தச் சொன்னேன். கையை ஊன்றாமல், 'அம்மா' என்ற சத்தம் போடாமல் எழுந்தார். என் முட்டி அப்படி இருந்தால் நான் சர்க்கஸில் சேர்ந்திருப்பேன். முட்டி வலிக்கிறவன் எழுந்து நின்று மிதிக்கவும் மாட்டான். ஆக, முட்டிமீது அபாண்டம்.

வலி எங்கே என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் செட்டிநாட்டுப் பெரிய மனிதர் ஒருவர், முன்பின் தெரியாத பொம்பளையிடம், நடுரோட்டில், அதை வாய்விட்டுச் சொல்வாரா? தலையைச் சீவினாலும் சொல்லமாட்டார். நான் நேராகக் கேட்டிருந்தால், "முட்டிதான், முட்டிதான்" என்று அந்தக் காரில் ஏறி ஊருக்கே போய்விட்டிருப்பார்.

பஞ்சர் ஒட்டுவதை யாரும் கற்றுத்தருவார்கள். நான் அப்போது செய்ததைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு, அவருடைய வண்டிச் சங்கிலியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு அண்ணே" என்று ஆரம்பித்தேன். போன வாரம் யாரும் வரவில்லை. மழை, கூட்டமே கிளம்பவில்லை. "உங்க வயசுதான். பெரிய இடம். அவரும் பாவம், இந்த இடத்துலதான் எறங்கிட்டாரு."

பெடலை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"முட்டின்னாரு. எனக்கு என்னவோ முட்டி மாதிரித் தெரியல."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "பின்ன என்னவாம் அவருக்கு?"

"இந்தப் பஞ்சு வச்சுத் தச்ச ட்ரௌசர் இருக்குல்ல, சைக்கிளுக்குன்னு. அதை மவன் வாங்கிக் குடுத்திருக்கான். இவரு அதுக்கு உள்ள வழக்கம்போல ஜட்டியும் போட்டுக்கிட்டாரு. அது கூடாதுண்ணே. அந்தப் பஞ்சு நேரா ஒடம்புல ஒக்காரணும். நடுவுல இன்னொரு துணி வந்துச்சுன்னா, அந்தத் தையல் ஒவ்வொரு மிதிக்கும் ரம்பமா அறுக்கும்."

ஒரு மோட்டார் பைக் பாலத்தைக் கடந்து போனது, பின்னால் ஒரு கூடை வாத்தோடு. எல்லாம் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போயின.

"அதெப்படித் தங்கச்சி," என்றார் அண்ணன் மெல்ல, "அவரு ஒரு மதிப்பான மனுசன். உள்ள ஒண்ணுமில்லாம எப்படி வெளிய வருவாரு?"

"அதைத்தான் அவரும் கேட்டாரு."

"ட்ரௌசர் வேற ஒடம்போட ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்திருக்கும். அதனால பந்தோபஸ்தா… ரெண்டா போட்டிருந்தாரோ என்னவோ."

சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று. "ரெண்டா?"

"இருக்கலாம்னு சொன்னேன்."

"இருக்கும் இருக்கும். அவரு நடையைப் பார்த்தா ரெண்டுதான்."

"அப்புறம் என்ன செஞ்சாரு?"

பையைத் திறந்து, டியூபுக்குப் பக்கத்தில் மடித்துவைத்திருந்த கைலியை எடுத்துப் பின்னால் நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. "இதைக் கட்டிக்கிட்டு அந்தத் தண்ணித்தென்னைக்குப் பின்னால போனாரு. கழட்ட வேண்டியதைக் கழட்டி இந்தக் கவர்ல போட்டாரு. இந்த டப்பாவுல வாஸ்லின் இருக்கு, தடவிக்கிட்டாரு. ட்ரௌசரை மட்டும் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தாரு. யாரும் ஒண்ணும் கேக்கல."

கை நீண்டு வந்து மூன்றையும் வாங்கிக்கொண்டது.

கைலியைப் பற்றி இப்போது புரிகிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, எந்தப் பொட்டலிலும் அது ஓர் அறை. அடிபட்டால் கட்டு, வெயிலுக்குத் தலைப்பாகை, அழுகிறவருக்குக் கைக்குட்டை. எடை ஒரு டியூப் அளவுதான்.

அவர் உள்ளே போயிருந்த நேரத்தில் வண்டியைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைச் சீட்டின்மேல் படுக்கவைத்தேன்; பின்னால் உருண்டு விழுந்தது. சீட்டின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு இது வேறு. அல்லன் கீயால் தளர்த்தி, மூக்கை இறக்கி, பாட்டில் நிற்கிற மாதிரி சமம் செய்து முடுக்கினேன். நீங்களும் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு புது ஆள் வண்டியிலும் அந்தப் பாட்டில் வேலையைச் செய்யுங்கள்.

பிறகு கதிரேசனுக்கு போன் செய்தேன்.

"தம்பி, காரு அங்கேயே நிக்கட்டும். நாங்க மிதிச்சுக்கிட்டே வர்றோம்."

"முட்டி வலின்னாரே அக்கா!"

"குந்த வச்சுப் பார்த்துட்டேன். முட்டி தங்கம். சீட்டுதான் சரியில்ல, சரிபண்ணிட்டேன்."

"நாளைக்கு எதாவது ஆச்சுன்னா? கம்பெனிக்கு உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"ஸ்பெல்லிங் தப்பில்லாமச் சொல்லு. எனக்கே சரியா எழுத வராது."

பகடியாகத்தான் சொன்னேன், ஆனால் மனசுக்குள் கணக்கும் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் அப்போது வேலையை விட்டிருந்தார். இந்த வேலை போனால் எனக்கும் தரைக்குக் கீழேதான் இடம். இருந்தாலும் நெஞ்சைக் கேட்டாயிற்று, முட்டியைப் பார்த்தாயிற்று, வாத்துநடைக்குக் காரணமும் தெரிந்தாயிற்று. இதற்குப் பிறகும் அவரைக் காரில் ஏற்றினால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏற்றியதாகத்தான் ஆகும்.

ஓலைக்குப் பின்னாலிருந்து அண்ணன் வந்தார். கைலியை நாலாக மடித்து டப்பாவோடு தந்தார், கவரைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்தார். ஒருமுறை மிதித்தார், இன்னொருமுறை மிதித்தார், திரும்பி என்னைப் பார்த்தார். மாமியார் வீட்டில் முதல் தடவையாக நல்ல காப்பி கிடைத்த மருமகன் முகம்.

"அந்தப் போன வாரத்து ஆளு," என்றார், "பொழைச்சிக்கிட்டாரா?"

"என்னை முந்திக்கிட்டுப் போயிட்டாரு அண்ணே."

அவரும் முந்திக்கொண்டுதான் போனார்.

காப்பிக்கடை ஓலைக் கூரை போட்டது, கீழே வரிசையாக வலைத்தொட்டில். எங்கள் கூட்டம் அதில் கால்நீட்டி ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வெள்ளைக் கார், எஞ்சினை அணைக்காமல் நின்றது. கதிரேசன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் வண்டியை ஸ்டாண்ட் போட்டார், எல்லோருக்கும் நடுவில் போய் நின்றார், குந்தினார், எழுந்தார்.

"ட்ரோய் ஓய்!" என்றாள் கடைக்காரி. 'அடக் கடவுளே'தான். கைதட்டினாள் வேறு.

கதிரேசன் சிரிக்கவில்லை. "ஏறுங்க அப்பச்சி. முட்டின்னு உங்க வாயாலதானே சொன்னீக? ஆத்தா கேட்டா நான் என்ன சொல்ல? காலையில மாத்திரை போட்டீகளா இல்லையா, அதாவது சொல்லுங்க." பதிலுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தேடி அப்பாவின் பையைத் திறந்தான்.

அண்ணன் பையைப் பிடிக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. நான் பக்கத்திலிருந்த தொட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

கவரை எடுத்தான். என்ன என்று பிரித்தான். உள்ளே பார்த்தான். ஒரு ஜட்டி இருந்தால்கூட வேறு ஏதாவது நினைத்திருப்பான், இரண்டு இருந்தது. பையனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அதை அவன் காது சிவந்ததில் பார்த்தேன். கவரை உள்ளே வைத்தான், ஜிப்பை மூடினான். கார்க்காரரிடம் போய்க் கையைக் கூப்பி ஏதோ சொல்லி அனுப்பிவைத்தான். அண்ணன் ஒரு தொட்டிலில் ஏறி, கரும்புச்சாறு டம்ளருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

கிளம்பும்போது கதிரேசன் என் பக்கத்தில் வந்து டயரில் காற்றைப் பார்க்கிற மாதிரி குனிந்தான்.

"அக்கா. அந்த ட்ரௌசரை வாங்குனப்பவே கடைக்காரன் சொன்னான், உள்ள ஒண்ணும் போடக்கூடாதுன்னு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"அப்பச்சிகிட்ட எப்படிக்கா அதைச் சொல்றது?"

"நல்ல குடும்பம்! உனக்கு வாய் வராம சைக்கிளை விக்கப்போன. அவருக்கு வாய் வராம முட்டியைக் காட்டிக்குடுத்தாரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜட்டிக்குப் பயந்து ஊருக்கும் சைகோனுக்கும் பிரிஞ்சு உக்காந்திருப்பீங்க."

"ரெண்டு ஜட்டிக்கா" என்றான். அப்போதுதான் சிரித்தான்.

திரும்பும் ஃபெர்ரியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். கரை வரும் நேரம் கதிரேசன், ஆற்றிடம் சொல்வதுபோல, "அடுத்த ஞாயிறு வெயிலுக்கு முன்னாடியே கிளம்பணும் அப்பச்சி" என்றான். அண்ணன் ஆற்றிடமே "சரி" என்றார்.

நான் அந்த வேலையிலிருந்து நிற்கிறவரை சொக்கலிங்கம் அண்ணன் வாராவாரம் வந்தார். ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். தடித்த உடம்பு, புது வண்டி, புது ட்ரௌசர். அக்கரைக்குப் போனதும் இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், எழுந்து நின்று மிதித்தார். அதே பாலத்துக்கிட்டே இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகுங்க" என்றார்.

நான் பையில் கைவைத்தேன். அதற்குள் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். அந்த ஆளுக்கு முதுகு காட்டிக்கொண்டு சங்கிலியைப் பார்க்க உட்கார்ந்தார்.

"போன வாரம் ஒருத்தர் வந்திருந்தாரு," என்று ஆரம்பித்தார். "நம்ம வயசுதான். பெரிய இடம்."

பேசிக்கொண்டே தன் பையைத் திறந்து, டியூபுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கைலியை எடுத்தார். என்னுடையதைவிட நல்ல கைலி.